மணலில் பதிந்த டயர் தடம்

கடந்த ஆண்டு ஜூன் மாதம், தம்பிக்குப் பள்ளி விடுமுறை. குடும்பத்தோடு திரெங்கானு போனோம். தாத்தாவையும் அழைத்துக்கொண்டோம்.

தாத்தா இளமையில் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் லோரி ஓட்டினார். நான்கு ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்ததிலிருந்து இடது கால் அவர் சொன்னபடி கேட்பதில்லை. வீட்டுக்குள் கோல் ஊன்றி நடப்பார். வெளியில் சக்கர நாற்காலிதான். மணலில் அது இரண்டடி போனதும் புதைந்துவிடும். அதனால் எந்தக் கடற்கரைக்குப் போனாலும் அவர் காரிலேயே இருந்துவிடுவார். கண்ணாடியை இறக்கிவிட்டு, நாங்கள் தண்ணீரில் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அன்று மாலை மாமாவுக்கு மனம் கேட்கவில்லை. அவரிடம் நான்கு சக்கரமும் இழுக்கும் பிக்கப் வண்டி இருக்கிறது. "அப்பா, இன்னிக்கு நீங்களும் தண்ணியில கால் வைக்கிறீங்க" என்றார். மீனவர்கள் படகை இழுத்து வரும் வழியாக வண்டியை மணலில் இறக்கினார். கடற்கரையில் ஆள் இல்லை. வண்டி போகக்கூடாது என்ற அறிவிப்புப் பலகையும் எங்கள் கண்ணில் படவில்லை. ஈர மணல் ஓரமாகக் கொஞ்ச தூரம் ஓட்டிப்போய், அலை தொடும் இடத்தில் நிறுத்தினார். நானும் மாமாவும் இரண்டு பக்கமும் பிடித்துத் தாத்தாவை இறக்கினோம். அவர் காலை அலை நனைத்தது. வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "உப்பு கால்ல ஒட்டுது பாரும்மா" என்று சிறு பிள்ளை மாதிரி சிரித்தார். அந்தப் படம் இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது.

மறுநாள் காலை அதே இடத்திற்கு நடந்து போனோம். வயதான ஒரு பாக்சிக், கையில் மண்வாரியோடு குனிந்து எதையோ சமப்படுத்திக்கொண்டிருந்தார். மாமாவின் டயர் தடங்களைத்தான் மூடிக்கொண்டிருந்தார்.

அவர் எங்களைத் திட்டவில்லை. மலாயில் மெதுவாக விளக்கினார். இது ஆமை முட்டையிடும் காலம். இரவில் பொரித்து வெளியே வரும் குஞ்சுகள் கடலை நோக்கி ஓடும். நமக்கு ஒரு சாண் ஆழமுள்ள தடம், அதற்கு ஒரு பெரிய கால்வாய். உள்ளே விழுந்தால் ஏற முடியாது. தடத்தின் வழியே இப்படியும் அப்படியும் ஓடிக் களைத்துவிடும். அதற்குள் நண்டு வந்துவிடும், விடிந்தால் காகம் வந்துவிடும்.

மாமா மன்னிப்புக் கேட்டார். மண்வாரியை வாங்கி மீதித் தடத்தை அவரே மூடினார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். பாக்சிக் சொன்னது எனக்குச் சரியாகவே பட்டது. ஆனால் முந்தின நாள் மாலை நாங்கள் செய்ததைத் தவறு என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

இந்தத் தவணையில் சுற்றுச்சூழல் கொள்கை பாடத்தில் எங்களுக்கு ஓர் இடுபணி கிடைத்தது. அமெரிக்காவில் ஒரு பொதுக் கடற்கரையில் வண்டி ஓட்டலாமா கூடாதா என்று பல ஆண்டுகள் நடந்த சண்டையைப் படித்து, அதே பேச்சுவார்த்தையை வகுப்பில் நாங்கள் நடத்திக் காட்ட வேண்டும். முதல் பக்கத்தைப் படித்தபோதே பாக்சிக்கின் மண்வாரி நினைவுக்கு வந்தது.

கடற்கரையே சாலையாக இருந்த ஊர்

அந்தக் கடற்கரையின் பெயர் கேப் ஹேட்டரஸ். அமெரிக்காவின் கிழக்குக் கரையில், வட கரோலினா மாநிலத்திற்கு முன்னால் அட்லாண்டிக் கடலில் நீண்டு கிடக்கும் மெலிந்த மணல் தீவுகள் அவை. அங்கே எட்டு சிறு கிராமங்கள் இருக்கின்றன. கிராமங்களைச் சுற்றியுள்ள கடற்கரை பெரும்பாலும் அந்நாட்டின் தேசியப் பூங்காச் சேவையின் பொறுப்பில் உள்ளது. அமெரிக்காவின் முதல் 'தேசியக் கடற்கரை' இதுதான். 1937-இல் நாடாளுமன்றம் அனுமதித்தது. 1953-இல் முறையாக அமைக்கப்பட்டது.

1950-களின் தொடக்கம் வரை அந்தத் தீவில் தார்ச்சாலை முழுமையாக இல்லை. மக்கள் டயரில் காற்றைக் குறைத்து, ஈர மணலில்தான் வண்டி ஓட்டினார்கள். மீனவர்கள் வண்டியைக் கொண்டுதான் கரைவலையை இழுத்தார்கள். 1963-இல் பெரிய பாலம் திறக்கப்பட்ட பிறகு வெளியூர் வண்டிகளும் பெருகின. பெரும்பாலானோர் தூண்டில் போட வந்தவர்கள். ரெட் டிரம் என்ற பெரிய மீனுக்கு அந்தக் கரை புகழ்பெற்றது. 1984-இல் ஏவன் கிராமத்தில் தூண்டிலில் சிக்கிய ரெட் டிரம் 94 பவுண்டுக்கும் மேல், அதாவது ஏறக்குறைய 43 கிலோ எடை இருந்தது. அது உலகச் சாதனையாகப் பதிவானது.

கையில் கனமான தூண்டில், ஐஸ் பெட்டி, இரை, நாற்காலி, பிள்ளைகள். இவற்றோடு சுடுமணலில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் நடக்க முடியுமா? அதனால் அவர்களுக்கு வண்டி இல்லாமல் மீன்பிடியே இல்லை.

ஒரு கையளவுப் பறவை

அதே கரையில் பைப்பிங் புளோவர் என்றொரு பறவையும் வாழ்கிறது. உப்புக்கொத்தி இனத்தைச் சேர்ந்தது. எடை ஏறக்குறைய 55 கிராம். நம் வீட்டுக் கோழிமுட்டை ஒன்றின் எடை. உடலின் நிறம் காய்ந்த மணலின் நிறமேதான். திறந்த மணலில் சிறு குழி பறித்து, பெரும்பாலும் நான்கு முட்டைகள் இடும். 1986-இல் அமெரிக்கச் சட்டம் இதை ஆபத்தில் உள்ள இனமாக அறிவித்தது.

முட்டையைவிடக் குஞ்சைக் காப்பதுதான் கடினம் என்பதைப் படித்தபோதுதான் தெரிந்துகொண்டேன். முட்டையைச் சுற்றி வேலி போடலாம். குஞ்சு பொரித்த சில மணி நேரத்திலேயே கூட்டை விட்டு நடக்கத் தொடங்கிவிடும். தாய் இரை ஊட்டாது. குஞ்சே ஈர மணலுக்குப் போய்ப் பூச்சி, புழுக்களைத் தேட வேண்டும். பறக்க ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். ஆபத்து வந்தால் ஓடாது, அப்படியே அசையாமல் படுத்துவிடும். பருந்திடமிருந்து தப்ப இந்த வழி உதவும். வண்டியிடமிருந்து தப்ப உதவாது, ஏனென்றால் ஓட்டுநருக்கு அது மணலாகத்தான் தெரியும். டயர் தடத்தில் விழுந்தால், ஆமைக்குஞ்சைப் போலவே, அதற்குள்ளேயே ஓடும்.

சண்டைக்கு இன்னொரு காரணம் இடம். தீவு முடிந்து கடல் உள்ளே புகும் முனைகளில் மணல் தட்டையாகவும் ஈரமாகவும் செடி இல்லாமலும் இருக்கும். பறவைக்கு அது விருந்து. அதே முனைகளில் நீரோட்டங்கள் மோதுவதால் சிறு மீன்கள் சேரும். அவற்றைத் தேடிப் பெரிய மீன் வரும். அதைத் தேடி மனிதன் வருவான். பக்ஸ்டன் கிராமத்திற்கு அருகில் உள்ள கேப் பாயிண்ட் அப்படிப்பட்ட முனை. விடுமுறை நாளில் நூற்றுக்கணக்கான வண்டிகள் அங்கே வரிசை கட்டி நிற்கும். 108 கிலோமீட்டர் நீளக் கரை இருந்தும், இரண்டு தரப்புக்கும் வேண்டியது அதே சில முனைகள்தாம்.

இரண்டாகப் படிக்கப்பட்ட கடிதம்

இந்த விவகாரத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது ஒரு பழைய கடிதம்.

1952-இல், கடற்கரையைப் பூங்காவாக்கும் திட்டத்தைக் கேட்டுத் தீவு மக்கள் பயந்தார்கள். நம் கரை நம் கையை விட்டுப் போய்விடுமோ என்ற அச்சம். அப்போது பூங்காச் சேவையின் இயக்குநராக இருந்த கான்ராட் வெர்த், தீவு மக்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். உள்ளூர்ச் செய்தித்தாளில் அது வெளிவந்தது. கடற்கரைக்குப் போகும் வழி எல்லாருக்கும் எப்போதும் இருக்கும் என்று அதில் உறுதி கூறினார். அதை அடுத்தே, சில விதிகள் தேவைப்படும் என்றும் எழுதினார். மணல்மேடுகள் அரிக்கப்படாமல் இருக்க, வண்டிகள் எந்த இடங்களில் கரைக்கு இறங்கலாம் என்பதை வரையறுக்க வேண்டியிருக்கும் என்று விளக்கினார்.

அறுபது ஆண்டுகளாக இந்தக் கடிதத்தை எல்லாரும் எடுத்துக்காட்டினார்கள். வண்டி வேண்டும் என்றவர்கள் முதல் பகுதியைக் காட்டினார்கள். விதி வேண்டும் என்றவர்கள் இரண்டாம் பகுதியைக் காட்டினார்கள்.

1937-ஆம் ஆண்டுச் சட்டமும் அப்படித்தான். இந்த நிலம் இயற்கை நிலையில் நிரந்தரமாகக் காக்கப்பட வேண்டும் என்கிறது. பொழுதுபோக்குக்கு ஏற்ற பகுதிகளை அதற்காக மேம்படுத்தலாம் என்கிறது. கிராமவாசிகள் மீன்பிடித்துப் பிழைக்கும் உரிமை தொடரும் என்றும் சொல்கிறது. யாருடைய வாதமும் பொய்யில்லை. ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய வரியோடு நிறுத்திக்கொண்டார்கள்.

முப்பத்தைந்து ஆண்டுத் தாமதம்

1972-இல் அதிபர் நிக்சன் ஓர் ஆணை பிறப்பித்தார். அரசு நிலங்களில் சாலைக்கு வெளியே ஓடும் வண்டிகளுக்கு எங்கே அனுமதி, எங்கே தடை என்று ஒவ்வோர் இலாகாவும் விதி வகுக்க வேண்டும் என்றது அந்த ஆணை. 1977-இல் அதிபர் கார்ட்டர் அதை இன்னும் இறுக்கினார். ஹேட்டரஸில் வரைவுகள் எழுதப்பட்டன, தற்காலிக ஏற்பாடுகள் வந்தன. முழுமையான விதி மட்டும் வரவில்லை. வண்டிகள் ஆண்டுக்கு ஆண்டு கூடின. புளோவர் இணைகள் 1989-இல் 15 இருந்தன. 2003-இல் 2 ஆகிவிட்டன.

2007 அக்டோபரில், டிஃபெண்டர்ஸ் ஆஃப் வைல்ட்லைஃப், நேஷனல் ஆடுபன் சொசைட்டி என்ற இரண்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகள் பூங்காச் சேவையின் மீது வழக்குத் தொடுத்தன. 2008 ஏப்ரலில் நீதிமன்றத்தின் முன் ஓர் இணக்க ஆணை கையெழுத்தானது. இனப்பெருக்கக் காலத்தில் இரவில் வண்டி ஓட்டத் தடை வந்தது. பறக்காத புளோவர் குஞ்சு ஒன்று இருந்தால், அதைச் சுற்றி 1,000 மீட்டர் தூரத்துக்கு வண்டி வரக்கூடாது. யாராவது வேண்டுமென்றே வேலியை மீறினால், மூடிய பகுதி முதல் முறை 50 மீட்டர் கூடும், அடுத்த முறை 100 மீட்டர், அதற்கடுத்து 500 மீட்டர்.

கிராமங்கள் கொதித்தன. கோடையில் கேப் பாயிண்ட் மூடப்பட்டால் தூண்டில்காரர்கள் வரமாட்டார்கள். அவர்கள் வராவிட்டால் இரை விற்கும் கடை, தங்கும் விடுதி, உணவகம் எல்லாம் படுத்துவிடும். யாரோ ஒருவன் இரவில் வேலியைப் பிடுங்கி எறிந்தால், தண்டனை ஊருக்கே கிடைக்கிறது. 'முப்பது வருடம் நீங்கள் விதி எழுதவில்லை. அதற்கு எங்கள் கடையை ஏன் மூடுகிறீர்கள்' என்ற அவர்களின் கோபத்தை என்னால் எளிதில் தள்ளிவிட முடியவில்லை.

மறுபக்கமும் ஒரு செய்தி இருக்கிறது. 2010 ஜூனில் ஒக்ரகோக் தீவில், தடை நேரத்தில் ஓடிய ஒரு வண்டி, முட்டையிடக் கரையேறிய பெருந்தலை ஆமை ஒன்றை நசுக்கிக் கொன்றது. அந்த இரவுத் தடை ஏன் வந்தது என்பதற்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

எங்கள் வகுப்பில் நடந்தது

வழக்கு நடந்த காலத்திலேயே இன்னொரு முயற்சியும் நடந்தது. மீனவர்கள், வண்டிக்காரர்கள், வணிகர்கள், பறவை ஆர்வலர்கள், அரசு அதிகாரிகள் என்று ஏறக்குறைய 30 பேரை ஒரே மேசையில் உட்கார வைத்து, 'நீங்களே கூடி விதியை எழுதுங்கள்' என்றார்கள். 2008 தொடக்கத்திலிருந்து ஓராண்டுக்கும் மேல் கூடிப் பேசினார்கள். ஒருமித்த முடிவு வரவில்லை.

எங்கள் விரிவுரையாளர் அந்த மேசையைத்தான் வகுப்பில் போட்டார். சீட்டு எடுக்கச் சொன்னார். பாக்சிக்கின் நினைவால் பறவைகளுக்காகப் பேச வேண்டும் என்று ஆசைப்பட்டேன். எனக்கு வந்த சீட்டில் 'பக்ஸ்டன் கிராமத்தில் தூண்டிலும் இரையும் விற்கும் கடைக்காரர்' என்றிருந்தது. என் சீனத் தோழிக்குப் பறவைப் பாதுகாப்பு அமைப்பு. சபாவிலிருந்து வந்த நண்பருக்குக் கரைவலை மீனவர். மலாய்த் தோழி ஒருவர் பூங்கா அதிகாரி. இன்னும் சிலர் வண்டியே இல்லாத அமைதியான கரையை விரும்பும் சுற்றுப்பயணிகள்.

தயார் செய்யும்போது ஏனோதானோ என்றுதான் இருந்தேன். பேசத் தொடங்கியதும் என்னையறியாமல் குரல் உயர்ந்தது. "குஞ்சுகளில் பெரும்பாலானவை நரியாலும் ரக்கூனாலும் புயலாலும் சாகின்றன. அவற்றை விட்டுவிட்டு என் வண்டியை மட்டும் ஏன் நிறுத்துகிறீர்கள்?" என்று கேட்டேன். அது ஹேட்டரஸ் மக்கள் உண்மையிலேயே கேட்ட கேள்வி; அதில் உண்மையும் உண்டு. பூங்காச் சேவையே அந்த விலங்குகளைப் பொறி வைத்துப் பிடித்திருக்கிறது.

தோழி அமைதியாகச் சொன்னார்: "புயலைக் கூப்பிட்டு இந்த மேசையில் உட்கார வைக்க முடியாது. உங்களை முடியும்."

நான் விடவில்லை. வேடத்தை மறந்து தாத்தாவின் கதையைச் சொல்லிவிட்டேன். நடக்க முடியாதவருக்குக் கடல் வேண்டாமா என்றேன். வகுப்பு அமைதியானது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்போது கரைவலை மீனவராக இருந்த சபா நண்பர் பேசினார். அவருடைய அப்பா உண்மையிலேயே மீனவர். "உங்கள் தாத்தாவுக்கு ஒரு வண்டி போதும். அவர் பெயரைச் சொல்லி நூறு வண்டிக்கு வழி கேட்காதீர்கள். என் அப்பா வலை இழுக்கவும் ஒரு வண்டி போதும். ஆனால் நீங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டால் மூன்றாவதாக அவர் வழியும் அடைபடும்" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை.

பத்து நிமிடம் இருக்கும்போது விரிவுரையாளர் எல்லாரிடமும் ஒரு துண்டுத் தாளைக் கொடுத்தார். "உங்களுக்கு என்ன வேண்டும் என்று இரண்டு மணி நேரமாகச் சொன்னீர்கள். எதை விட்டுக்கொடுப்பீர்கள் என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள்" என்றார். நான் வெகுநேரம் பேனாவை உருட்டிவிட்டு, 'கோடை இரவுகளில் வண்டி ஓட்டுவதை விடுகிறேன்' என்று எழுதினேன். தோழி, 'குஞ்சு இல்லாத நாட்களில் தண்ணீர் ஓரமாக ஒரு வழி திறக்கலாம்' என்று எழுதியிருந்தார். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, பேச ஒரு தொடக்கம் கிடைத்துவிட்டது என்று தெரிந்தது. ஆனால் நேரம் முடிந்துவிட்டது. உண்மையான குழுவைப் போலவே நாங்களும் தோற்றுத்தான் எழுந்தோம்.

கடைசியில் வந்த விதி

நிக்சனின் ஆணைக்கு நாற்பது ஆண்டுகள் கழித்து, 2012 பிப்ரவரியில் ஹேட்டரஸ் விதி நடப்புக்கு வந்தது. ஏறக்குறைய 45 கிலோமீட்டர் கரையில் ஆண்டு முழுவதும் வண்டி ஓட்டலாம். 21 கிலோமீட்டரில் சில பருவங்களில் மட்டும் ஓட்டலாம். 42 கிலோமீட்டரில் வண்டியே கூடாது. அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அப்போதைய கட்டணம் வாரத்துக்கு 50 டாலர், ஆண்டுக்கு 120 டாலர். சீட்டுக்கு முன் ஒரு சிறு விளக்கக் காணொளியும் பார்க்க வேண்டியிருந்தது. வேக வரம்பு மணிக்கு 15 மைல், ஏறக்குறைய 24 கிலோமீட்டர். மே முதல் இலையுதிர் காலம் வரை இரவில் வண்டி கூடாது. வண்டியில்லாத பகுதிகளுக்கு நடந்து போகிறவர்களுக்கு நிறுத்துமிடங்களும் நடைபாதைகளும் திட்டமிடப்பட்டன.

அந்த விதியில் இன்னொரு சிறு பகுதியும் இருக்கிறது. நடக்க இயலாத ஒருவரை, கிராமங்களுக்கு முன்னால் உள்ள கரையில் குடும்பத்தாரோடு சேர்க்க வண்டியில் கொண்டுவந்து விடலாம். அதற்குத் தனி அனுமதி உண்டு. நூலகத்தில் உட்கார்ந்து அந்தப் பகுதியை மூன்று முறை படித்தேன். யாரோ ஒருவர் தம் தாத்தாவை நினைத்து அதைக் கேட்டிருக்க வேண்டும்.

விதி வந்ததும் சண்டை நின்றுவிடவில்லை. வண்டி வழிக்காகப் போராடிய கூட்டமைப்பு வழக்குப் போட்டது. 2014-இல் அது தள்ளுபடி ஆனது. அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் தலையிட்டது. மூடும் பகுதியும் காலமும் தேவைக்கு மேல் போகக்கூடாது என்று சட்டம் இயற்றியது. அதன்படி பாதுகாப்புத் தூரங்கள் சில குறைக்கப்பட்டன.

பலன் என்ன? 2019-இல் 400-க்கும் மேற்பட்ட ஆமைக் கூடுகள் பதிவாயின. ஆனால் அந்த ஆண்டுகளில் அமெரிக்காவின் தென்கிழக்குக் கரை முழுவதும் ஆமைகள் பெருகின. இந்த ஒரு விதியால் மட்டும் என்று சொல்ல முடியாது. புளோவர் இணைகள் சில ஆண்டுகள் ஏறி, பிறகு மீண்டும் குறைந்தன. ஆண்டுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பூங்காவுக்குத் தொடர்ந்து வருகிறார்கள். ஊர் அழிந்துவிடும் என்ற பயம் நடக்கவில்லை. அதே சமயம் மொத்த வருகையாளர் எண்ணிக்கை, ஒரு சிறு தூண்டில் கடைக்கு ஒரு கோடையில் வந்த நட்டத்தைக் காட்டாது. இரண்டு தரப்பும் இதை முழு வெற்றி என்று சொல்ல முடியாது.

நமக்கு என்ன?

மாணவ நண்பர்களே, இந்தச் சண்டைக்கு வில்லன் பறவையும் அல்ல, வண்டியும் அல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது. 1972-இல், பாதைகள் இன்னும் பழக்கமாக உறையாத காலத்தில், எல்லாரையும் கூப்பிட்டு ஒரு விதி எழுதியிருந்தால் இவ்வளவு கசப்பு வந்திருக்காது. ஒரு பழக்கத்தை முப்பத்தைந்து ஆண்டு வளரவிட்டால் மக்கள் அதை உரிமை என்று நம்பத் தொடங்குகிறார்கள். அப்போது அதில் ஒரு முழம் குறைத்தாலும் பறிப்பதாகத்தான் தெரியும். அதற்குள் பறவைக்கும் காத்திருக்க நேரம் இல்லாமல் போய்விடுகிறது. அந்த நிலையில் நீதிமன்றம்தான் பேசும். நீதிமன்றம் கொடுப்பது மீட்டர் கணக்கு. விட்டுக்கொடுக்கும் மனதை அது கொடுக்க முடியாது.

தாமதத்தின் விலை நம் நாட்டுக்கும் தெரியும். ரந்தாவ் அபாங் கரையில் 1950-களில் ஆண்டுக்கு ஏறக்குறைய 10,000 பெலிம்பிங் ஆமைக் கூடுகள் இருந்தன. இன்று அங்கே ஒன்றைக் காண்பதே அரிது. அங்கே முக்கியக் காரணம் வண்டி அல்ல. முட்டை எடுத்ததும் மீன்பிடி வலைகளில் ஆமைகள் சிக்கியதும். எல்லாக் கடலாமை முட்டைகளின் விற்பனைக்கும் திரெங்கானுவில் தடை வந்தது 2022-இல்தான். முட்டை விற்றுப் பிழைத்த குடும்பங்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களோடு காலத்தில் உட்கார்ந்து பேசியிருந்தால், பெலிம்பிங்கும் மிஞ்சியிருக்கலாம்.

பட்டிமன்றத்திலும் மேடைப் பேச்சிலும் நாம் எதிரணியை மடக்கப் பழகியிருக்கிறோம். நல்ல பயிற்சிதான். அதோடு இன்னொன்றையும் செய்து பாருங்கள். நீங்கள் எதிர்க்கும் பக்கத்தின் சீட்டை எடுத்து, அவர்களுக்காக ஒரு மணி நேரம் உண்மையாகப் பேசுங்கள். முடிந்ததும், 'நான் எதை விடுவேன்' என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரியை எழுதத்தான் எனக்குக் கை நடுங்கியது. உங்கள் பக்கத்துக்குச் சாதகமான வரி கிடைத்தால், அதற்கு அடுத்த வரியையும் படியுங்கள்.

இடுபணியை முடித்த வாரம் தாத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பறவை, கடிதம், பாக்சிக், வகுப்பு. பொறுமையாகக் கேட்டார். "எங்காலு நனையறதுக்காக ஒரு குஞ்சு சாக வேணாம்மா" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "அதுக்காக என்னைய மறுபடியும் கார்லயே உட்கார வெச்சிடாதீங்க" என்றார். வகுப்பில் நாங்கள் பத்துப் பேர் இரண்டு மணி நேரம் தேடியதை அவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

இந்த ஜூனிலும் திரெங்கானு போகிறோம். மாமா பாக்சிக்கின் எண்ணைச் சென்ற முறையே வாங்கி வைத்திருந்தார். போன வாரம் அழைத்துப் பேசினார். படகு இறக்கும் துறைப் பக்கம் ஆமை ஏறுவதில்லையாம். பகலில், அந்த இடத்தில் மட்டும், தண்ணீர் ஏறியிருக்கும் நேரத்தில் வரச் சொன்னார். வண்டி கான்கிரீட் சரிவோடு நிற்க வேண்டும். அங்கிருந்து அலைக்கு இருபது முப்பது அடி இருக்குமாம்; நாற்காலியோடு தாத்தாவைத் தூக்கிப் போக வேண்டியதுதான். தூக்குவதற்கு நானும் மாமாவும் போதாது என்றால் தானும் ஒரு கை பிடிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.